தீர்ப்பு எழுதாத ஹஜ்ரத்

அன்று காலை ஏழரை மணிப் பேருந்தில் வழக்கம்போல் ஏறி உட்கார்ந்தேன். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழித்தபடி வந்த நடத்துநர் என்னருகில் வந்ததும் நின்றுவிட்டார்.

"பாய், உங்களுக்கு யாரும் போன் பண்ணலையா?" என்றார்.

"இல்லையே, என்ன விஷயம்?"

"முன்னெல்லாம் உங்ககூடப் பேசிக்கிட்டே வருவாரே ஹஜ்ரத்து, அவரு காலையில தவறிட்டாருங்களாம். மரக்காணத்துலேர்ந்து மொத வண்டியில வந்தவங்க சொன்னாங்க."

என்னிடம் செல்பேசி கிடையாது. ஹஜ்ரத்தின் மகன் வீட்டுக்குக் கூப்பிட்டபோது நான் கிளம்பியிருந்தேன் என்று பிறகு தெரிந்தது. ஓடும் வண்டியில் அந்த நடத்துநர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கூனிமேடு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மௌலவி அப்துல் ஹலீம் ஹஜ்ரத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர் பின்னால் நின்று தொழுதவர்களும் இதைப் படிப்பீர்கள். என்னோடு சேர்ந்து கூட்டம் போடுகிறவர்களும் படிப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் அவரைத் தெரியும். இரண்டு தரப்பும் அவரைப் பற்றிப் பாதிதான் பேசுகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மரக்காணத்தில் ஓர் உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியல் உதவியாளன். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி நாட்களிலேயே கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தவன். அதை எழுதவும் பேசவும் செய்கிறவன். என் மனைவி மைமூன் ஐந்து வேளையும் தொழுகிறவள். எங்கள் வீட்டில் இதனால் சண்டை வந்ததில்லை. வெளியில்தான் வந்தது.

ஹஜ்ரத் எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தார். வாரத்தில் மூன்று நாள் மரக்காணத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கப் போவார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில், உப்புப் பாத்திகளில் தண்ணீர் கட்டத் தொடங்கிய நாட்களில், பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே தெருவில் எதிரெதிரே நடந்தும் பேசிக்கொள்ளாதவர்கள். நான் கையில் எங்கள் சிற்றிதழை வைத்திருந்தேன். அதில் என் கட்டுரை வந்திருந்தது. இயற்கைக்கு விதிகள் இருக்கும்போது கட்டளையிட ஒருவன் எதற்கு என்பது அதன் சாரம்.

"படிச்சிட்டுத் தரலாமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். திருப்பித் தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அரபுச் சொற்களை நான் தவறாக எழுதிய இடங்களைத் திருத்தியிருந்தார். ஒரு பத்தியில், "இந்த வாதம் பலவீனம், இதைவிட நல்ல வாதம் உண்டு" என்று எழுதி, அந்த நல்ல வாதத்தையும் கீழே எழுதியிருந்தார். எனக்குச் சாதகமான வாதம் அது!

"என்ன ஹஜ்ரத் இது, எனக்கே எடுத்துக் குடுக்கறீங்க?"

"மறுக்கறதுன்னா ஒழுங்கா மறுக்கணும், கெமிஸ்ட் பாய். நீங்க இதுல மறுத்திருக்கிற கடவுள நானும்தான் மறுக்கிறேன். எங்க அல்லா பக்கம் நீங்க இன்னும் வந்து சேரவே இல்ல."

அன்றிலிருந்து எனக்குக் கெமிஸ்ட் பாய் என்பதே பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயரான ஹபீபுல்லாவை அவர் சொல்லமாட்டார். அல்லாவுக்குப் பிரியமானவன் என்று அதற்கு அர்த்தம். "அந்தப் பேரச் சொன்னா உங்கள வம்புக்கு இழுக்கிற மாதிரி ஆயிடும்" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

அந்த வருடத்துக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனம் அங்கேயே போய் நிற்கிறது. வலது பக்க ஜன்னலில் கடல் தெரிந்து மறையும். அனுமந்தை வருவதற்குள் நான் என் கட்சியைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அங்கிருந்து மரக்காணம் வரை அவருடைய நேரம். அப்படி ஓர் ஒப்பந்தம். பின் இருக்கையில் மீன்கூடையோடு வரும் பெண்கள், "இன்னைக்கு யாரு ஜெயிச்சது?" என்று இறங்கும்போது கேட்பார்கள். "மிச்சம் இருக்குது" என்பார் ஹஜ்ரத்.

இதெல்லாம் நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல என்பது அவருக்குப் பிடித்த பதில். "நம்ம ஆளுங்க பாக்தாத்துலயும் பஸராவுலயும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தச் சண்டையப் போட்டு முடிச்சிட்டாங்க. ஒரு கூட்டம் என்ன சொன்னாங்க? நல்லது எது, கெட்டது எதுன்னு அறிவுக்கே தெரியும், கட்டளை வந்துதான் சொல்லணும்னு இல்லன்னாங்க. இன்னொரு கூட்டம், கட்டளை வந்தாத்தான் நல்லது நல்லதாகும்னாங்க."

"நீங்க எந்தக் கூட்டம்?"

"கிதாபு ஓதறப்ப ரெண்டாவது கூட்டம். ஒரு புள்ள அழுதா மொத கூட்டம்."

ஒருநாள் உப்புப் பாத்திகளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். நல்ல வெயில். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். பாத்தியில் இருந்து உப்புநீரை எடுத்து, செறிவை அளக்கும் கண்ணாடி மானியை அதில் மிதக்கவிட்டுக் காட்டினேன். "இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா உப்பு பூக்காது. இந்தக் கோட்டைத் தொட்டா பூத்தே தீரும். இதுல கட்டளைக்கு எங்க இடம்?" என்றேன்.

அவர் குனிந்து, நீரின் மேல் ஏடு ஏடாகப் படிந்திருந்த உப்பை விரலால் தொட்டார். பழைய அறிஞர்கள் சொன்ன தீ, பஞ்சு உதாரணத்தைச் சொன்னார். தீயும் பஞ்சும் சேரும்போது பஞ்சு எரிவதை நாம் பார்க்கிறோம். தீதான் எரித்தது என்பதை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் எரியச் செய்கிறவன் இறைவன் என்பது அவர்கள் வாதம்.

"அப்படின்னா நான் எதுக்கு அளக்கணும்?" என்றேன்.

"அவன் தன் வழக்கத்த மாத்தமாட்டான்னு நீங்களும் நம்புறீங்க, அதனால அளக்கறீங்க. அந்த நம்பிக்கைக்கு நான் சுக்ரு சொல்றேன், நீங்க நோட்டுல எழுதறீங்க." சுக்ரு என்றால் நன்றி.

நான் விடவில்லை. "சரி. ஒரு குழந்தை மேல தீ பட்டா? அந்த நிமிஷமும் எரியச் செய்யறது அவன்தானே?"

அவர் முகம் மாறியது. பக்கத்துப் பாத்தியில் வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மாள் நிமிர்ந்து, "அய்யா, வெயில் பண்ணுதோ சாமி பண்ணுதோ, இன்னும் ஒரு மாசத்துக்கு மழ வராம இருந்தாப் போதும். செத்த நவுந்து நில்லுங்க, தண்ணி கட்டணும்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தோம். என் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

அந்த டிசம்பரில் கடல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் எங்கள் பள்ளிவாசலில் பெரிய தேக்சாக்களில் சோறு ஆக்கி, வேன் பிடித்து மரக்காணத்துக் குப்பங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்தார். என்னையும் ஏறச் சொன்னார். நான் ஏறியதை ஒரு சிலர் விரும்பவில்லை. அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

மீனவர் குப்பம் ஒன்றில், கூரை போன ஒரு வீட்டின் சுவரோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தட்டைக் கையில் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த அப்பனைச் சாப்பிடக் கூப்பிட்டு வா என்று ஆறு வயது மகனைக் கரைக்கு அனுப்பியிருக்கிறாள். அப்பன் தென்னையைப் பிடித்துத் தப்பிவிட்டான். பிள்ளை வரவில்லை. அந்த வருடம் ஊர்க் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டாளாம். அதனால்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஹஜ்ரத்தின் தாடியையும் தொப்பியையும் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, அவரிடம் கேட்டாள். "அய்யா, நீங்க சாமி காரியம் பாக்கறவரு. இது சாமி குத்தமாங்க?"

அவர் மணலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "இல்லம்மா. அப்படிச் சொல்ற அதிகாரம் மனுசன் யாருக்கும் கெடையாது. சொன்னவங்களுக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கெமிஸ்ட் பாய், கடலுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இந்தம்மாவுக்கு வெளங்கச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். கடலுக்கு அடியிலும் தரை உண்டு; வெகுதூரத்தில், பல நாள் கப்பல் பயணத் தொலைவில், அந்தத் தரை ஓரிடத்தில் விலகி எழும்பியது; அது தள்ளிய தண்ணீர் இங்கே வந்து சேர்ந்தது; இங்கே யார் என்ன செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அது வந்திருக்கும். கையால் மணலைக் குவித்துக் காட்டினேன். அவள் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் நேந்துக்கிட்டதச் செஞ்சிருந்தாலும் வந்திருக்குங்களா?"

"வந்திருக்கும்மா."

"எம்புள்ளய நான் கொல்லலயே?"

"இல்லம்மா, இல்ல" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அதுவரை அவள் அழவே இல்லை என்று அந்தப் பெண்தான் சொன்னாள்.

திரும்பும்போது வேனில் ஹஜ்ரத், "அன்னைக்குப் பாத்தியில நீங்க கேட்டதுக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியல. தெரியாதப்ப வாய மூடிக்கிட்டு இருக்கறதும் ஒரு இபாதத்துதான்" என்றார். இபாதத் என்றால் வணக்கம்.

சில வாரங்களில் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். அலையின் படத்தில் இறைவனின் பெயர் தெரிகிறது என்று ஒரு சிடி காட்டினார். சிலை வணங்கியவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் வந்த தண்டனை இது, அறிவியலே இதை நிரூபித்துவிட்டது என்றார். ஆட்கள் சிடியை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பயான் சொற்பொழிவில் ஹஜ்ரத் அதை எடுத்தார். நான் வெளியே, செருப்புகள் கிடக்கும் படியருகே நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன்.

"அலையில பேரைத் தேடாதீங்க. படத்துல தெரிஞ்சாத்தான் நம்புவேன்னா, நாளைக்கு வேற படம் வந்தா என்ன செய்வீங்க? கடலு யாரத் தண்டிச்சுதுன்னு சொல்றவன் அல்லாவைப் பத்திப் பேசல, அல்லாவோட எடத்துல ஏறி உட்காந்துக்கிட்டுப் பேசறான். அந்தக் குப்பத்துல கடல்ல போயி மய்யித்தான புள்ளைங்க என்ன குடிச்சாங்க, பாலத் தவிர?"

எனக்கு வெளியே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பதிலாக நான் செய்த காரியம்தான் அவருக்கு வினையாக முடிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் இதழில் அந்தப் பயானை எழுதினேன். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே போட்டேன். ஆனால் கடைசியில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்: இயற்கையின் காரியங்களில் கடவுளுக்கு வேலை இல்லை என்பதை ஓர் இமாமே ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று. எழுதும்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

எங்கள் ஜமாத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இனி சொல்லப்போகும் காரியத்தில் இருந்தவர்களில் சிலர் பின்னாளில் என்னிடம் வருத்தப்பட்டார்கள். கட்டுரை நகல் எடுக்கப்பட்டு வீடு வீடாகப் போனது. அடுத்த மாதம் என் மகள் நிலோபருக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. என்னைப் பள்ளிவாசல் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள். நான் மார்க்கத்தை விட்டு வெளியேறியவன், என் வீட்டுக் காரியம் எதுவும் ஜமாத் புத்தகத்தில் எழுதப்படாது என்று அதில் இருந்தது. கீழே இமாமின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஜமாத் தலைவரான முத்தவல்லி தாளை ஹஜ்ரத் பக்கம் தள்ளினார். "படிச்சுப் பாருங்க ஹஜ்ரத். நீங்க கையெழுத்துப் போட்டா உங்க மேல இருக்கிற பேச்சும் போயிடும்."

ஹஜ்ரத் படித்தார். "இவரு சொல்றது தப்புன்னு எழுதுங்க, இப்பவே போடறேன். தப்புன்னு ஒரு வருஷத்துக்கு மேல பஸ்ஸுல சொல்லிட்டுத்தான் வர்றேன்."

"வெளியேறிட்டாருன்னு சொல்ல என்ன தடை? அவரே இல்லன்னு எழுதறாரே!"

"அல்லா இல்லன்னு நம்மகிட்டச் சொல்றாரு. அல்லாகிட்ட என்ன சொல்றாருன்னு நமக்குத் தெரியாதுங்களே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவன்கிட்டயும் இதையேதான் சொல்வேன்!" என்றேன்.

ஹஜ்ரத் சத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களா, அவன்கிட்டச் சொல்வேன்றாரு!" என்றார். இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தவல்லிக்கு வரவில்லை.

ஹஜ்ரத் தாளைத் திருப்பித் தள்ளினார். குரல் தணிந்துவிட்டது. "நான் இமாம். முன்னாடி நின்னு தொழ வைக்கறதுதான் என் வேலை. யாரு உள்ள, யாரு வெளியேன்னு தீர்ப்பு எழுதற பேனாவ அவன் யார்கிட்டயும் குடுக்கல. நீங்க என்கிட்டக் குடுக்கறீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. மறுமையில இதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க யாரும் வரமாட்டீங்க."

அவர் பயந்ததை நான் நேரில் பார்த்தேன். ஜமாத்தைப் பார்த்து வந்த பயம் அல்ல அது. எனக்கு இல்லாத ஒருவன் அவருக்கு அந்த அறையில் இருந்தான்.

நிக்காஹை அவரே நடத்திவைத்தார், எங்கள் வீட்டு மாடியில் போட்ட பந்தலில். மைமூன் அன்று முழுக்க அழுதுகொண்டே வேலை செய்தாள். பத்து நாளில் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். மரக்காணத்தில் உப்பளத்துப் பக்கம் சில முஸ்லிம் குடும்பங்கள் தொழும் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு அவர் குடிபோனார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். வேலை போனதற்காக என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் பழக்கத்தில் அவர் என்மீது கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"வேலைய விடுங்க. என் வார்த்தைய எடுத்துக்கிட்டீங்க, என் ஈமானை, அந்த நம்பிக்கைய, கீழ போட்டுட்டீங்க. நான் எதனால அப்படிச் சொன்னேன்? அவன் இருக்கான்றதால சொன்னேன். நீங்க இல்லன்றதுக்கு அதச் சாட்சியா வெச்சிட்டீங்க. சிடிக்காரரு அலைய வளைச்சாரு, நீங்க என்னைய வளைச்சீங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். "நாலு வரியில அடங்கிட்டேனா நான்?" என்று சிரித்தார். உள்ளே திரும்பி, "டீ போடும்மா, கெமிஸ்ட் பாய் வந்திருக்காரு" என்றார். கோபம் அதோடு தீர்ந்தது.

பிறகு பேருந்தில் நான் தனியாகத்தான் வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்திலிருந்து நடந்தே அவர் பள்ளிவாசலுக்குப் போவேன். அவர் லுஹர் தொழுதுவிட்டு வரும்வரை வெளியே பூவரச மரத்தடியில் இருப்பேன். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து இருவரும் சாப்பிடுவோம். சர்க்கரை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். இந்த வருடம் கண்ணும் மங்கியது. என் கட்டுரைகளை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்பார். "அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க, பலம் இல்ல" என்பார், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் தவறிய அன்று நான் போனபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அதிகாலை பஜ்ர் தொழுது, பாயிலேயே சாய்ந்துவிட்டாராம். அஞ்சலையம்மாளும் உப்பளத்துப் பெண்களும் மழையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். எங்கள் பழைய ஜமாத்திலிருந்தும் இரண்டு வேன் வந்திருந்தது, முத்தவல்லி வந்திருந்தார். ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டியபோது நான் வெளியே நின்றேன். நம்பாமல் வரிசையில் நிற்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று பட்டது. தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்தின் மகன் நேராக என்னிடம் வந்தான். "மாமா, தொழறதுதான் உங்களுக்கு இல்ல. தூக்கலாம்ல?" என்றான். மய்யித்தைத் தூக்கும் சந்தூக்கின் முன்பக்கக் கம்பில் எனக்கு இடம் விட்டார்கள். எனக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பை முத்தவல்லி தோளில் தாங்கியிருந்தார். சேற்றில் கால் வழுக்கும்போதெல்லாம் ஒருவர் தோளுக்கு ஒருவர் ஈடு கொடுத்துக்கொண்டு கபர்ஸ்தான் வரை நடந்தோம்.

போன வாரம் எங்கள் இதழ் நண்பர்கள் கூடியபோது அவருக்கு அஞ்சலி சொன்னார்கள். எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. கூட்டம் கலையும்போது ஒரு நண்பர் என் தோளில் கைபோட்டு, "சொல்லுங்க தோழர், கடைசியில அவரும் உள்ளுக்குள்ள நம்ம ஆளுதானே? வெளியில சொல்ல முடியாம இருந்திருப்பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். முன்பென்றால் நானும் ஆமாம் என்று சிரித்திருப்பேன்.

"இல்லங்க. அவரு முழுசா நம்புனாரு. நான் இல்லன்னு நம்பறதவிட, அந்தத் தாளைத் தட்டச்சு பண்ணவங்களைவிட நம்புனாரு. கடவுள் ஒருத்தன் இருக்கான்னு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சதாலதான் அவன் வேலைய இவரு கையில எடுத்துக்கல" என்றேன்.

நண்பருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு இன்றும் கடவுள் இல்லை. ஆனால் என்னோடு ஒத்துப்போகாத ஒருவரை, அவர் கேட்டால் ஆமாம் என்று தலையசைக்கும்படி எடுத்துச் சொல்ல எனக்கு வருகிறது. ஹஜ்ரத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது.